தடிமன், இருமலுக்குச் சீட்டில்லாமல் வாங்கும் மருந்துகள்: சிறு பிள்ளைக்கும் கிளினிக் போகும் மாமியாருக்கும் எதைக் கொடுக்கலாம்?

மஸ்கெலியா வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மஸ்கெலியாவிலிருந்து மேலே ஏறிப் போகும் ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் குடியிருக்கிறோம். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் செப்டெம்பர் வரைக்கும் லயத்தில் யாராவது ஒருவர் தும்மிக்கொண்டோ இருமிக்கொண்டோதான் இருப்பார். தோட்ட டிஸ்பென்சரி மாலையில் பூட்டப்பட்டுவிடும். டவுனில் உள்ள பாமசிக்குப் போவதென்றால் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். ஆகையால் சில மருந்துகளை முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள விரும்புகிறேன். ஆனால் எதை வாங்குவது என்பதில் எனக்குத் தெளிவில்லை.

மகளுக்கு 3 வயது, எடை 13 கிலோ. மாமியாருக்கு 62 வயது. இரத்த அழுத்தத்துக்கும் சீனி வருத்தத்துக்கும் ஆஸ்பத்திரி கிளினிக்கில் மாதாமாதம் மருந்து எடுக்கிறார். கணவர் லொறி ஓட்டுகிறார். மூவருக்கும் ஒரே இருமல் பாணியை அளவு மாற்றிக் கொடுக்கலாம் என்று பக்கத்துக் காம்பரா அக்கா சொல்கிறார். தன் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த பாணியில் மீதி இருப்பதாகவும், அதை என் மகளுக்குத் தருவதாகவும் அவர் சொன்னார். தோட்டத்துக் கடையில் தடிமன் குளிசை என்று கேட்டால், பெயர் எதுவும் எழுதாத ஒரு கடதாசிச் சுருளில் இரண்டு மூன்று நிறங்களில் குளிசைகளைத் தருகிறார்கள். பெட்டியோடு வாங்கினாலும் அதில் உள்ளவை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும்தான் இருக்கின்றன. எழுத்துக்கூட்டிப் படிக்க என்னால் முடியும், ஆனால் எந்தச் சொல்லைத் தேட வேண்டும் என்பதுதான் தெரியாது. தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

ஹட்டன் மருந்தாளர் எழுதியது:

சகோதரி, மழைக்கு முன்னரே இதைக் கேட்டது நல்லது. தடிமனை விரைவில் குணமாக்கும் மருந்து எந்தப் பாமசியிலும் இல்லை. அது வைரசுகளால் வருவது; பெரும்பாலும் 7 முதல் 10 நாள்களில் தானே தணிந்துவிடும், இருமல் மட்டும் 3 வாரம் வரை இழுக்கலாம். அமொக்சிசிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் வைரசை ஒன்றும் செய்வதில்லை. சீட்டில்லாமல் கிடைப்பவை எல்லாம் அந்த நாள்களின் துன்பத்தைச் சற்றுக் குறைப்பதற்கு மட்டுமே. ஆகவே, நோயாளியை எது உண்மையில் வருத்துகிறது, காய்ச்சலா, மூக்கடைப்பா, தூங்கவிடாத இருமலா என்று பார்த்து, அதற்கு மட்டும் ஒரு மருந்தைக் கொடுப்பதே சரியான வழி.

அந்தக் கடதாசிச் சுருளை இனி வாங்காதீர்கள். பெயர் தெரியாத குளிசையால் ஏதேனும் நேர்ந்தால், ஆஸ்பத்திரியில் என்ன கொடுத்தோம் என்று சொல்லக்கூட உங்களால் முடியாது. பாமசியில் அட்டையிலிருந்து வெட்டித் தந்தாலும், உறையின் மேல் மருந்தின் பெயர், மில்லிகிராம் அளவு, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை என்பவற்றையும் காலாவதித் திகதியையும் எழுதித் தரும்படி கேளுங்கள். தமிழில் எழுதித் தாருங்கள் என்று கேட்பதற்கும் தயங்க வேண்டாம்.

எந்தச் சொல்லைத் தேடுவது என்று கேட்டீர்கள். கம்பனி வைத்த பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் பாருங்கள். முதலாவது பரசிட்டமோல். பனடோலில் இருப்பது அதுதான். தடிமனுக்கென்று விற்கப்படும் கூட்டுக் குளிசைகள் பலவற்றிலும், சுடுநீரில் கரைத்துக் குடிக்கும் தூள்களிலும் அதுவே இருக்கிறது. காய்ச்சலுக்கு இரண்டு பனடோல், தடிமனுக்கு இரண்டு கூட்டுக் குளிசை என்று ஒருவர் சேர்த்து விழுங்கினால், வேறு வேறு மருந்து எடுப்பதாக நினைத்துக்கொண்டு ஒரே மருந்தை இரட்டிப்பாக எடுக்கிறார். வளர்ந்தவர் ஒருவருக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒன்றோ இரண்டோ, 4 முதல் 6 மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் 8 குளிசைக்கு மேற்படாமல் என்பதே எல்லை. இந்த எல்லையும் 50 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் பொருந்தும். நம் தோட்டங்களில் 45 கிலோவும் இல்லாத பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு வேளைக்கு ஒரு குளிசையோடும், நாளுக்கு 5 குளிசையோடும் நிறுத்திக்கொள்ள வேண்டும். அளவு மீறினால் ஈரல் பாதிக்கப்படும். முதல் நாளில் வெளியே பெரிதாக எதுவும் தெரியாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. மது அருந்தும் பழக்கம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது குளோர்பெனிரமின். பிரிட்டோன் என்று கேட்டு வாங்குவது இதைத்தான். மூக்கு ஒழுகுவதைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் நன்றாகத் தூக்கம் வரும். பல கூட்டுக் குளிசைகளிலும் இருமல் பாணிகளிலும் இது சேர்ந்திருப்பதால், உங்கள் கணவர் வண்டி எடுக்கும் நாளில் இவற்றைத் தொடவே கூடாது. இரவில் எடுத்தாலும் அடுத்த நாள் காலையில் மந்தம் நீடிக்கலாம். பனிமூட்டத்தில் நம் மலைப்பாதை வளைவுகளில் லொறி ஓட்டுபவருக்கு அந்த மந்தமே போதும். சிறுநீர் போவதில் தடை உள்ள முதியவர்களுக்கும், ஒரு வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் இது தொல்லை தரும்.

மூன்றாவது, மூக்கடைப்பு நீக்கும் சூடோஎபெட்ரினும் பினைல்எப்ரினும். இவை இரத்தக் குழாய்களைச் சுருக்கி வேலை செய்பவை. இரத்த அழுத்தத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் கூட்டக்கூடியவை. இந்தப் பெயர்களில் ஒன்று பெட்டியில் இருந்தால் அது உங்கள் மாமியாருக்கு உரியதல்ல. வாயால் உட்கொள்ளும் பினைல்எப்ரின் அந்த அளவில் மூக்கடைப்புக்குப் பயன் தருவதில்லை என்று 2023 செப்டெம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் ஆலோசனைக் குழுவே ஒருமனதாகக் கூறியிருக்கிறது. அப்படியிருக்க, அதற்காகப் பணம் கொடுப்பதில் நியாயம் இல்லை. மாமியாருக்கு மூக்கடைத்தால் உப்புநீர்ச் சொட்டு மருந்தே போதும். ஒக்சிமெட்டசோலின் போன்ற சொட்டு மருந்துகள் அடைத்த மூக்கை உடனே திறக்கும். ஆனால் 5 நாளுக்கு மேல் தொடர்ந்து மூக்கில் விட்டுவந்தால், நிறுத்தியவுடன் முன்பைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். அதையும் கிளினிக்கில் கேட்டபின் விடுவதே நல்லது.

உடம்பு வலிக்கிறது என்று இபுபுரோபன், டைக்ளோபெனாக், அஸ்பிரின் எதையும் வீட்டில் யாருக்கும் கொடுக்காதீர்கள். டெங்குவின் தொடக்கமும் காய்ச்சல், உடம்பு வலியாகத்தான் இருக்கும். அப்போது இந்த மருந்துகள் இரத்தக்கசிவை ஏற்படுத்தலாம். மேலே குளிர் என்பதால் டெங்கு வராது என்று இருந்துவிட வேண்டாம், உங்கள் கணவர் கண்டிக்கும் கொழும்புக்கும் போய் வருபவர். காய்ச்சல் 2 நாள் தாண்டினால் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். அதுவரை பரசிட்டமோல் மட்டும்.

பதுளைத் தாதி எழுதியது:

தங்கை, மருந்தாளர் ஐயா பெரியவர்களைப் பற்றி நிறைவாகச் சொல்லிவிட்டார். பிள்ளையைப் பற்றி நான் எழுதுகிறேன். சிறுவர் வார்டில் வேலை செய்பவள் என்பதால் இதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு.

3 வயதுப் பிள்ளைக்கு இருமல் பாணி வேண்டாம். அளவைக் குறைத்தாலும் வேண்டாம். பிரித்தானியாவில் 2009 முதல் 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சீட்டில்லாத இருமல், தடிமன் மருந்துகள் கொடுக்கக் கூடாது என்பது விதி. அமெரிக்காவில் 2008 முதல் 4 வயதுக்குக் குறைந்தோருக்குக் கொடுக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே பெட்டியில் அச்சிடுகிறார்கள். அவை சிறு பிள்ளைகளுக்குப் பயன் தருவதற்கு நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. மாறாக மூச்சு மந்தமாவது, வலிப்பு, இதயத் துடிப்பு மாறுவது போன்ற தீங்குகள் பதிவாகியிருக்கின்றன. பெரியவர்களின் குளிசையை உடைத்துப் பாதி கொடுப்பதும் அதே ஆபத்துத்தான். கொடேயின் என்ற இருமல் அடக்கும் மருந்து உள்ள பாணியை 12 வயதுக்குக் குறைந்த எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது.

பக்கத்துக் காம்பரா அக்காவின் மனம் நல்லது, ஆனால் அந்த மீதிப் பாணியை வாங்காதீர்கள். ஆஸ்பத்திரியில் தூளில் தண்ணீர் கலந்து தரும் பாணிகள் பெரும்பாலும் நுண்ணுயிர்க்கொல்லிகள். கலந்தபின் ஓரிரு வாரங்களில் கெட்டுவிடும், தடிமனுக்கும் உதவாது.

காய்ச்சலால் பிள்ளை அவதிப்பட்டால் பரசிட்டமோல் பாணி கொடுக்கலாம். அளவை எடையை வைத்தே கணக்கிட வேண்டும்: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளைக்கு உச்ச அளவு. 13 கிலோ என்றால் 195 மில்லிகிராம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் ஒரே மருந்து இரண்டு வலிமைகளில் கிடைக்கிறது. போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்று இருந்தால் உங்கள் மகளுக்கு 8 மில்லிலீற்றர். 5 மில்லிலீற்றருக்கு 250 மில்லிகிராம் என்று இருந்தால் 4 மில்லிலீற்றருக்குச் சற்றுக் குறைவு. போத்தலைப் பார்க்காமல் போன முறை கொடுத்த அளவையே கொடுத்தால் இரட்டிப்பாகிவிடும். குறைந்தது 4 மணி நேர இடைவெளி விடுங்கள், ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் வேண்டாம். சமையல் கரண்டிகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு பிடிக்கும் என்பதால், பாமசியில் ஊசியில்லாத ஒரு சிரிஞ்சைக் கேட்டு வாங்கி அதில் அளந்து கொடுங்கள். பாணியை எந்த நேரம் கொடுத்தீர்கள் என்று கலண்டரில் எழுதிவிட்டால், நீங்கள் கொழுந்து பறிக்கப் போன பின் மாமியார் இன்னொரு தடவை கொடுத்துவிடும் நிலை வராது.

எந்தப் பாணியானாலும் அனுமதி பெற்ற பாமசியில், முத்திரை உடையாத போத்தலாக வாங்குங்கள். 2022 இல் காம்பியா நாட்டில் இருமல், தடிமன் பாணிகளில் டைஎத்திலீன் கிளைகோல் என்ற நச்சு கலந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்து 66 பிள்ளைகள் இறந்ததோடு அந்தப் பாணிகளுக்குத் தொடர்பிருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. 2025 இல் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்திலும் அதே நச்சால் பிள்ளைகள் இறந்தார்கள். வெளிநாடு போய் வருபவர்கள் பையில் கொண்டுவரும் பாணியைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

அப்படியானால் இருமும் பிள்ளையை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதா என்று கேட்பீர்கள். ஒரு வயது கடந்த பிள்ளைக்குத் தேன் அரைத் தேக்கரண்டி முதல் ஒரு தேக்கரண்டி வரை படுக்கும்முன் கொடுக்கலாம். இரவு இருமலைத் தணிப்பதற்கு ஆதாரமுள்ள எளிய மருந்து அது. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் தேன் நாக்கில் தொட்டுவைக்கவும் கூடாது, பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். இளஞ்சூடான நீரை அடிக்கடி கொடுங்கள், மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விடுங்கள். விறகடுப்பு எரியும்போது பிள்ளையை அந்தக் காம்பராவில் வைத்திருக்காதீர்கள். மழைக்காலத்தில் கதவை மூடிக்கொண்டு சமைக்கும் லயங்களில், புகையே இருமலை வாரக்கணக்கில் இழுத்துவிடுவதைப் பார்க்கிறோம்.

இருமலின் சத்தத்தைவிட மூச்சைக் கவனியுங்கள். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது, சட்டையை உயர்த்தி, ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். 1 முதல் 5 வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது சாதாரணத் தடிமன் அல்ல, நியூமோனியாவாக இருக்கலாம். 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதற்கும் சிறிய குழந்தைக்கு 60 என்பதே எல்லை. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, எழுப்பக் கடினமாக இருந்தாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, மணி என்ன என்று பாராமல் 1990 க்கு அழைத்து அம்புலன்ஸை வரச்சொல்லுங்கள். அது இலவசம்.

பண்டாரவளை மூத்தவர் எழுதியது:

மகள், இருவரும் சொன்னதை மதிக்கிறேன். நாட்டு மருந்தைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சேர்க்கிறேன், ஏனெனில் நம் வீடுகளில் முதலில் அடுப்பில் ஏறுவது அதுதான்.

கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த நீர் தொண்டைக்கு இதம். பெரியவர்கள் அளவோடு குடிப்பதில் எனக்கு எந்தத் தடையும் தெரியவில்லை. பஸ்பங்குவ என்று கடைகளில் கட்டாகக் கிடைப்பதையும் நம்மவர்கள் அவித்துக் குடிக்கிறார்கள். ஆனால் மூலிகை என்றாலே தீங்கில்லை என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. சமஹன் போன்ற கரைத்துக் குடிக்கும் தூள்களில் சீனி சேர்ந்திருக்கிறது. உங்கள் மாமியார் நாளுக்கு மூன்று நான்கு கோப்பை குடித்தால், அது சீனி போட்ட தேநீர் குடிப்பதற்குச் சமம். அதிமதுரத்தைத் தொடர்ந்து அதிகமாக உட்கொண்டால் இரத்த அழுத்தம் ஏறும், உடலில் பொட்டாசியம் குறையும். இருமலுக்கு நல்லது என்று அவர் அதை மென்றுகொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

நம் மலைகளில் யூக்கலிப்டஸ் தைலம் தெருவோரத்தில்கூடக் கிடைக்கிறது. கைக்குட்டையில் ஒரு துளி விட்டுப் பெரியவர்கள் முகரலாம், உள்ளே குடிக்கக் கூடாது. சிறு பிள்ளை ஒரு தேக்கரண்டி அளவு விழுங்கினாலே வலிப்பும் மயக்கமும் வரலாம். கற்பூரமும் அப்படித்தான். தாதி மகளிடம் ஒரு சிறு விடயத்தைக் கேட்க விரும்புகிறேன்: பிள்ளைக்குத் தைலமே பூச வேண்டாம் என்று சில தாதிமார் சொல்கிறார்கள். 2 வயது கடந்த பிள்ளையின் நெஞ்சிலும் முதுகிலும் மெல்லியதாகப் பூசுவது தவறில்லை என்பதே நான் அறிந்தது.

பதுளைத் தாதி எழுதியது:

ஐயா சொல்வது சரி. பிள்ளைகளுக்கென்று தயாரித்த தைலத்தை, பெட்டியில் உள்ள வயதுக்கு ஏற்ப நெஞ்சில் பூசலாம்; மூக்கினுள், மூக்கின் கீழ், முகத்தில் பூசக் கூடாது. வீசிங் உள்ள பிள்ளைக்கு அந்த மணமே மூச்சை இறுக்கலாம் என்பதால் அவர்களுக்குத் தவிர்ப்பது நல்லது. ஆவி பிடிப்பதைப் பற்றி நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கொதிநீர்ச் சட்டியின் முன்னால் போர்வைக்குள் பிள்ளையை உட்கார வைத்து, சட்டி கவிழ்ந்து வெந்து வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தடிமன் தானே போயிருக்கும், அந்தத் தழும்பு போவதில்லை.

மஸ்கெலியா வாசகி எழுதியது:

ஐயாமார் இருவருக்கும் அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி. பரசிட்டமோல் குளிசை, பிள்ளைக்கு 120 மில்லிகிராம் வகைப் பாணி, உப்புநீர்ச் சொட்டு, சிரிஞ்ச், தேன் ஆகியவற்றை மட்டும் வாங்கி, பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வைக்கிறேன். இன்னொரு சந்தேகம் இருக்கிறது. மாமியாருக்குத் தடிமன் இல்லாமலே இரண்டு மாதத்துக்கு மேலாக வறட்டு இருமல் இருக்கிறது. காய்ச்சல் இல்லை, சளியும் வருவதில்லை. எத்தனையோ பாணி குடித்தும் குறையவில்லை. கிளினிக் அட்டையில் மெட்போர்மின், எனலாப்ரில் என்று எழுதியிருக்கிறது. இதற்கு எந்தப் பாணி நல்லது?

ஹட்டன் மருந்தாளர் எழுதியது:

சகோதரி, இதற்கு எந்தப் பாணியும் வாங்க வேண்டாம். எனலாப்ரில் இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மருந்து. அதை எடுப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு விடாத வறட்டு இருமல் வருவது நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. மருந்து தொடங்கிய சில நாள்களிலும் வரலாம், பல மாதங்கள் கழித்தும் வரலாம். காரணம் அதுவானால், வைத்தியர் லொசார்டன் போன்ற வேறொரு மருந்துக்கு மாற்றியபின் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரங்களில் இருமல் தணியும். ஆனால் நீங்களாக எனலாப்ரிலை நிறுத்திவிடாதீர்கள். இரத்த அழுத்தம் திடீரென ஏறிவிட்டால் இருமலைவிடப் பெரிய ஆபத்து அது.

இன்னொன்றையும் விலக்கிப் பார்க்க வேண்டும். 2 வாரத்துக்கு மேற்பட்ட எந்த இருமலையும் காசநோயாக இருக்கக்கூடும் என்று சோதிப்பதே இந்நாட்டு நடைமுறை. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அரசாங்க ஆஸ்பத்திரியிலும் மாவட்ட மார்பு கிளினிக்கிலும் சளிப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதை மாமியாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். மார்பு கிளினிக்குக்குப் போனால் லயத்தில் பேசுவார்கள் என்று பயந்து தள்ளிப்போடுபவர்கள் பலர் எங்கள் பாமசிக்கு வருகிறார்கள்.

அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் இந்த வாரமே அவரைக் கூட்டிச் செல்லுங்கள். கிளினிக் அட்டையோடு, இதுவரை குடித்த பாணிப் போத்தல்களையும் பையில் போட்டுக்கொண்டு போனால், அவற்றில் என்ன இருந்தது என்று வைத்தியரே பார்த்துக்கொள்வார். இடையில் எப்போதாவது உதடோ நாக்கோ முகமோ வீங்கினால், அதுவும் எனலாப்ரிலால் வரக்கூடியது. அப்போது அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே 1990 க்கு அழையுங்கள்.